காட்டுபாவா போன வழி

காட்டுபாவா மௌத்தான அன்றைக்குப் பெய்த மழைக்குக் கொஞ்சமும் மரியாதை தெரியவில்லை. ஐப்பசியில் மழை பெய்யட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஒரு மனுசனைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் ஏற்றித் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் செத்த நேரம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது சாலைக்குளம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அதை ராஜபாளையத்துப் பக்கம் என்பார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்பார்கள். இப்படி இரண்டு பேரும் தள்ளிவிட்ட ஊருக்கு ஒரு பஞ்சாயத்து போர்டு, ஒரு தோல்மண்டி, ஒரு பள்ளிவாசல் தெரு. தெரு முடிகிற இடத்தில் ஓடை. இக்கரையில் உயிரோடு இருக்கிறவர்கள், அக்கரையில் மையவாடி. நடுவில் பனந்தடி போட்ட பாலம் ஒன்று இருந்தது. போன மழைக்கு அதை வெள்ளம் கொண்டுபோனது. போர்டுக்காரர்கள் வந்து, பாலம் இருந்த இடத்தைப் பார்த்து, பாலம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு போனார்கள். பிறகு வரவில்லை.

மலையிலிருந்து இறங்கிய தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் கலந்து இடுப்பளவு ஓடின. சந்தூக்கை நான்கு பேர் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கம் வலது தோள் கொடுத்தது பீர்க்கண்ணு ராவுத்தர், காட்டுபாவாவின் மைத்துனர். மெத்தை தைக்கிறவர். அவர் தாடியில் பாதி நரை, பாதி இலவம் பஞ்சு. எது எது என்று அவர் வீட்டுக்காரிக்கே தெரியாது. உயரத்திலும் அவர் கொஞ்சம் சிக்கனம்தான். அதனால் சந்தூக்கு எப்போதும் அவர் பக்கம் சாய்ந்தே போகும். "நான் தூக்கினா மையத்துக்கு இறக்கத்துல போற மாதிரி சொகமா இருக்கும்வே" என்று அவரே சொல்லுவார்.

நடு ஓடையில் பின்னால் வந்தவருடைய கால் பள்ளத்துக்குள் போயிற்று. சந்தூக்கு ஒருக்களித்தது. எல்லாரும் "யா அல்லா" என்று அலறுவதற்குள் வெள்ளை மூட்டையாகக் காட்டுபாவா தண்ணீரில் இறங்கிவிட்டார். கால்மாட்டு முடிச்சைப் பீர்க்கண்ணு எட்டிப் பிடித்திராவிட்டால் அவர் அடுத்த ஊர் மடையில் போய்த்தான் நின்றிருப்பார்.

அக்கரையில் கிடத்திப் பார்த்தார்கள். கபன் துணி முழுக்கச் சாக்கடைச் சேறு. எங்கிருந்தோ வந்த வாழைத்தோல் ஒன்று நெஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தொழவைக்கிற பள்ளிவாசல் லெப்பை அதை எடுத்து எறிந்தார். வயசான மனுசன். "இந்தத் துணியோட வைக்கவா சொல்றிய? எம் மனசு கேக்கலை. வேற வெள்ளைத்துணி இருக்கா?"

மழையில் எந்தக் கடை திறந்திருக்கும்? பீர்க்கண்ணு மறுபடி ஓடையில் இறங்கி வீட்டுக்கு ஓடினார். ராஜபாளையத்தில் ஒரு ராஜு வீட்டுக் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை மெத்தை தைக்க எடுத்துவைத்த புதுக் காடாத்துணி இருந்தது. ஊசி படாதது. அதைத் தலையில் வைத்து மேலே கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு திரும்பினார். கல்யாண மெத்தைத் துணியில்தான் காட்டுபாவா போனார்.

மறுநாள் துணிக்குப் பதில் சொல்ல ராஜபாளையம் போனபோது அந்த வீட்டு அம்மாள் முதலில் தெலுங்கில் ஒரு மூச்சு பொரிந்து தள்ளினாள். விஷயத்தைக் கேட்டதும் வாயில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "போனிலே நாயனா" என்றாள் கடைசியில். போகட்டும், விடு. உள்ளே போய் வேறு துணி கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க ஊர்ல போர்டுன்னு ஒண்ணு இல்லையா?" என்று தமிழில் கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்ல பீர்க்கண்ணுவுக்கு வெட்கமாக இருந்தது.

*

காட்டுபாவாவின் பெண்டாட்டி ராவியத்தம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதற்கு அது என்ன ரகசியமா? தெருவே ஈரத்துணியோடு திரும்பி வந்தது. அவள் இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். புருசன் மௌத்தானால் நாலு மாசத்துக்கு மேல் வாசல்படி தாண்டாமல் வெள்ளையுடுத்தி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் தம்பி பீர்க்கண்ணு, தாடியில் பஞ்சு பிடுங்கிக்கொண்டு.

"ஏலே தம்பி, அவிய சாக்கடையில விழுந்தாவளாமே?"

"விழலைக்கா. செத்த நனைஞ்சாரு."

"எந்தத் தண்ணியில நனைஞ்சாவ?"

அவர் தாடியில் இன்னொரு பஞ்சைத் தேடினார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குளிக்கிற மனுசம்லே. கொடிக்கால்ல வெத்தல கிள்ளிட்டு வந்தா கையக் கழுவாம செம்பைத் தொடமாட்டாவ. அவியளயா?" திரைக்குப் பின்னால் அழுகை வரும் என்று பார்த்தார். வரவில்லை. "போ. மெம்பரைப் போய்ப் பாரு. பாலம் ஏன் போடலைன்னு கேளு."

மெம்பர் என்றால் தோல்மண்டி அபூசாலி முதலாளி. போர்டில் முஸ்லிம்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து வெகுகாலமாயிற்று. எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை, அதனால் எலெக்சனும் நடந்ததில்லை.

மண்டியில் தோல் வாடைக்கு நடுவில், பீர்க்கண்ணு தைத்துக் கொடுத்த திண்டிலேயே சாய்ந்துகொண்டிருந்தார் முதலாளி.

"வாரும் பீர்க்கண்ணு. காட்டுபாவா நல்ல மனுசன். நான் மெட்ராசுல இருந்தேன், வர முடியலை."

"அந்தப் பாலம் விசயமா வந்தேன் மொதலாளி."

"என்ன பாலம்?"

"இல்லாத பாலம். மையவாடிக்கு."

முதலாளி சிரித்தார். "நான் எத்தனை தடவையா மெம்பரா இருக்கேன். ஒரு தடவையாவது உம்ம தெரு எனக்கு ஓட்டுப் போட்டிருக்கா?"

"எலெக்சனே வரலியே மொதலாளி."

"போடலைல்லா? உம்ம தெரு எனக்கு ஒண்ணும் செய்யலை. நானும் உம்ம தெருவுக்கு ஒண்ணும் செய்யலை. இதுல ஆரு ஆர்ட்ட கோவிச்சிக்கிட?"

பீர்க்கண்ணு வாசலைப் பார்த்தார். மெயின்ரோட்டிலிருந்து மண்டி வரைக்கும் புதுசாகக் கப்பி ரோடு போட்டிருந்தது. போர்டு போட்டதுதான்.

"இங்க மட்டும் ரோடு சொகமா இருக்கே மொதலாளி?"

"அட, அது வேற. தோலு நனைஞ்சா கெட்டுப் போவும்லா?"

வீடு வந்து சேர்ந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

"ஆட்டுத்தோலு நனையக்கூடாது" என்றாள் ராவியத்தம்மாள். "எங்க வீட்டு மனுசன் நனையலாம். அப்படித்தானலே?"

பீர்க்கண்ணு கிளம்புவதற்குத் துண்டை உதறினார்.

"தை மாசம் எலெக்சன் வருதாம்லா? நீ நில்லு."

"நானா? எக்கா, நான் நின்னாலும் உக்காந்தாலும் ஒரே ஒசரம். எனக்கு ஆரு ஓட்டுப் போடுவா?"

"நில்லுலே."

அக்கா சொன்னால் அவருக்கு எப்போதும் பேச்சு இல்லை. சின்ன வயசில் சொன்னதற்காகக் கிணற்றிலேயே குதித்திருக்கிறார், நீச்சல் தெரியாமல்.

*

பள்ளிவாசல் தெருவில் ஓட்டுக் கேட்பதுபோல் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. மெத்தைக்குப் பஞ்சு அடிப்பதுகூட அதற்குப் பக்கத்தில் வராது. பஞ்சு அடித்தால் கொஞ்சமாவது பொங்கும்.

பாய்க்கடைக்காரர் சொன்னார்: "ஓட்டுப் போட்டா வீட்டு வரிய ஒசத்திருவான். நம்ம பேரு அவனுக்குத் தெரியாத வரைக்கும்தாம்வே நிம்மதி."

"வரி கேக்க மாசாமாசம் வாரானே, பேரு தெரியாமலா வாரான்?"

"அது வரிக்குத் தெரிஞ்ச பேரு. ஓட்டுக்குத் தெரியக்கூடாது."

சுண்ணாம்புக் காளவாசல்காரர் சொன்னார்: "அதெல்லாம் வக்கீலுக வேலை. வெள்ளைக்காரன் வச்ச வேலை. நமக்குத் தொழுகை உண்டு, தொழிலு உண்டு."

கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "நீரு மெம்பராகி என்ன செய்வீரு? போர்டு மீட்டிங்கில எல்லாருக்கும் தலகாணி போடுவீரா?"

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பீர்க்கண்ணும் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளே ஏதோ சுருக்கென்றது. இதே கறிக்கடைக்காரர்தான் அன்றைக்குச் சந்தூக்கில் பின்பக்கம் பிடித்தவர், பள்ளத்தில் கால் விட்டவர்.

"ஓய்" என்றார். "நீரு மௌத்தாப் போனா எந்த வழியா போவீரு?"

தீட்டின கத்தி நின்றது. "என்னவே பேச்சு இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"கேக்கேன். நீரு நல்ல கனமான ஆளு. நாலு பேரு பத்தாது. ஓடையில எறங்கினா நாங்களும் ஒம்மோட வர வேண்டியதுதான்."

அதிலிருந்து அதுவே அவருடைய பிரசாரமாகிப் போனது. மற்ற ஊர்களில் ஓட்டுக் கேட்பவர்கள் கிணறு வெட்டித் தருகிறேன், விளக்குப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பீர்க்கண்ணு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நாளைக்கு நீரு செத்தா..." என்று ஆரம்பித்தார். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் மட்டும் ஒளியத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டார்: "எனக்குத்தான் அவசரம் பீர்க்கண்ணு. எலெக்சன் எப்போ?"

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் பெட்டிக்கு நிறம் கொடுக்கிற நாளும் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் போட வேண்டுமே, அதனால் ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி. சீட்டை வாங்கி வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியது. அன்றைக்கென்று பார்த்து ராஜபாளையத்துக்கு மெத்தை கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்து வந்தால் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமே போகமாட்டேன், வழியில் நின்று மூச்சு வாங்குகிறேன் என்றது. சாலைக்குளத்து வண்டிக்காரன் ஆவுடையப்பனின் குதிரை ஜட்கா பின்னால் வந்ததால் தப்பித்தார். ஆபீஸுக்குள் நுழையும்போது அபூசாலி முதலாளி வெளியே வந்துகொண்டிருந்தார்.

"பச்சைய நான் எடுத்துக்கிட்டேன் பீர்க்கண்ணு. உமக்கு வெள்ளை."

பச்சை! தர்கா கொடியின் பச்சை, பள்ளிவாசல் கதவின் பச்சை. பச்சையைக் கண்டால் தெருவில் சின்னப் பிள்ளைகூடத் தொட்டு முத்தமிடும். மறுநாளே முதலாளியின் ஆட்கள் தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "நம்ம நிறத்தை விட்டுட்டு ஆராவது கபன் பெட்டியில போடுவானா? பீர்க்கண்ணு வாயத் தொறந்தா சாவு. பெட்டியும் சாவு."

ஓட்டுக்கு முந்தின வாரம் அபூசாலி மண்டியில் நெய்ச்சோறு போட்டார். தெருவின் ஆண்பிள்ளைகள் அம்புட்டுப் பேரும் போய் உட்கார்ந்தார்கள். கறிக்கடைக்காரர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லாரும் கை கழுவும்போது, "பச்சைக்குத்தான் மொதலாளி" என்றார்கள்.

*

"தோத்தாச்சுக்கா" என்றார் பீர்க்கண்ணு திரைக்கு இந்தப் பக்கம். "பாய்க்கடை போச்சு. காளவாசல் போச்சு. கறிக்கடை நெய்ச்சோத்தோட போச்சு."

"ஆரை ஆரைல்லாம் பாத்து ஓட்டுக் கேட்ட?"

ஒவ்வொரு பேராகச் சொன்னார். தெருவின் அத்தனை தாடிகளையும் சொன்னார்.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. காட்டுபாவா மௌத்தான பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கிறது. அக்கா சிரித்தாள்.

"ஏலே கோட்டிப்பயலே. அவனுகளுக்கு ஏதுலே ஓட்டு?"

"என்னக்கா சொல்லுத?"

"வீட்டு வரி கெட்டுறவங்களுக்குத்தான் ஓட்டுன்னு நீதானல சொன்ன? இந்தத் தெருவுல எந்த வீடு ஆம்பளை பேர்ல இருக்கு?"

அந்தத் தெருவில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணின் பேரில்தான் எழுதிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் வந்து தங்க வேண்டும். வாப்பா காலத்திலிருந்து, அவருக்கு வாப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பாய்க்கடைக்காரருக்குக் கடை வாடகைக்கு, வீடு பெண்டாட்டியுடையது. கறிக்கடைக்காரர் நிற்பது புளியமரத்தடியில். பீர்க்கண்ணுவுக்கு ஓட்டு இருப்பதே, தெருவில் அவர் ஒருவர் மட்டும் மெத்தைக் கடைக்குத் தொழில்வரி கட்டுகிறதால்தான். இது தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எலெக்சன் என்று ஒன்று நடந்திருந்தால் அல்லவா ஓட்டு யாருக்கு என்று யோசித்திருப்பார்கள்?

"எம் பேரைத் தெருவுல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிடுதது ஒலகத்துலயே ஒருத்தன்தாம்லே" என்றாள் ராவியத்தம்மாள். "வரி வாங்க வாற மலைச்சாமி. 'ராவியத்தம்மா, வீட்டு வரி'ங்கான். பெத்த வாப்பாகூட வாசல்ல நின்னு அப்படிக் கூப்பிட்டதில்லை. வரிக்கு மட்டும் நாங்க வேணும், என்னலே? வாங்கிட்டுப் போயி தோலுக்கு ரோடு போடுவானுக. எங்க ஆம்பளையளச் சாக்கடையில போடுவானுக."

அன்றையிலிருந்து பீர்க்கண்ணு யாரையும் பார்க்கப் போகவில்லை. போக வேண்டியிருக்கவில்லை. இத்தா இருக்கிற வீட்டுக்குத் துக்கம் கேட்கப் பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாயங்காலமானால் கொல்லைப்புற வாசல்கள் வழியாக ஒவ்வொருத்தியாக வந்தாள். அழ வந்தவளிடம் ராவியத்தம்மாள் ஓட்டுப் பேசினாள். ஆறுதல் சொல்ல வந்தவளுக்குக் கோபத்தைக் கொடுத்து அனுப்பினாள். ஊர் முழுக்க அபூசாலியின் ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எலெக்சனோ திரைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

பாய்க்கடைக்காரரின் பெண்டாட்டி கேட்டாள்: "எல்லாம் சரிதான் ராவியத்து. வெள்ளைப் பெட்டின்னா மனசு பதறுதே. கபன் மாதிரில்லா?"

"கபன்தாண்டி. இல்லைன்னு ஆரு சொன்னா? பச்சை தர்காவுக்குப் போத்துதது. வெள்ளை நமக்குப் போத்துதது. கடைசியா நீயும் நானும் அதைத்தான கட்டிட்டுப் போவணும்? அதுல சேறு படாமப் போவணும்னா அதுலயே போடு."

*

ஓட்டுநாள் காலையில் தெரு ஆண்பிள்ளைகள் குளித்து, அத்தர் பூசிக்கொண்டு வெள்ளையும் சள்ளையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். "உங்க பேரு இல்லை, போங்க" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் தெருவில் ஜட்கா நிற்கிறது. நாலு பக்கமும் மெத்தைத்துணியால் மறைப்பு. ராவியத்தம்மாள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு வாசல்படியில் நிற்கிறாள்.

தெரு கொதித்துவிட்டது.

"இத்தாவுல இருக்கிறவ படி தாண்டுததா?" என்று கத்தினார் காளவாசல்காரர். "பீர்க்கண்ணு, உமக்கு மெம்பர் ஆசை வந்தா அக்காளைத் தெருவுல எறக்குவீரா?"

"லெப்பையக் கூப்பிடுங்க" என்றார் கறிக்கடைக்காரர்.

லெப்பை வந்தார். எல்லாரும் வாயை மூடினார்கள்.

"அவசியம்னா பகல்ல போயி, பொழுது சாயிறதுக்குள்ள வீடு வந்து சேரலாம்" என்றார் லெப்பை.

"இது என்ன பெரிய அவசியம்?" என்றார் கறிக்கடைக்காரர்.

லெப்பை அவரை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு அந்த மனுசன் நெஞ்சுல இருந்து ஒரு வாழத்தோலை நான் எடுத்துப் போட்டேன். நீரும்தான நின்னீரு? அவசியமா இல்லையான்னு எங்கிட்டயா கேக்கீரு?"

ராவியத்தம்மாள் படியிறங்கினாள். அவள் ஜட்காவில் ஏறின பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பாய்க்கடைக்காரர் தன் வாசலில் குறுக்கே நின்றார். அவர் பெண்டாட்டி, "வீடு எம் பேர்ல இருக்கு, கொஞ்சம் நகருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆவுடையப்பனின் குதிரை அன்றைக்கு எத்தனை நடை போயிற்றோ, அதற்கே தெரியாது. "குருதையும் வெள்ளைக்குத்தான் ராவுத்தரே" என்றான் ஆவுடையப்பன்.

பெண்களுக்குத் தனி அறை. தட்டி கட்டியிருந்தது. உள்ளே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஜெயபாய் டீச்சர் உட்கார்ந்திருந்தார். முகத்தை அவரிடம் மட்டும் காட்டினால் போதும். பீர்க்கண்ணு தட்டிக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றார்.

"உங்க பேர்?"

"ராவியத்தம்மாள்."

"வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

சத்தமில்லை. பீர்க்கண்ணு தட்டிப் பக்கம் காதைக் கொடுத்தார். இத்தனை வருஷ வாழ்க்கையில் அக்கா புருசன் பேரைச் சொல்லி அவர் கேட்டதில்லை. "இந்தா பாருங்க" என்பாள். கொடிக்காலுக்குச் சோறு கொடுத்துவிடும்போது, "அவியட்ட குடு" என்பாள். பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பார்த்தார்.

"பக்கத்துல உள்ளவங்க யாராவது சொல்லுங்களேன்" என்றார் டீச்சரே.

"வேண்டாம். நானே சொல்லுதேன்." ராவியத்தம்மாளின் குரல் தட்டியைத் தாண்டி மைதானத்துக்கே கேட்டது. "காட்டுபாவா. ஓடையில விழுந்த காட்டுபாவா."

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டிக்குள் சீட்டு விழுகிற சத்தம் கேட்டதாகப் பீர்க்கண்ணு பின்னாளில் சொல்லுவார். ஒரு துண்டுக் காகிதம் விழுகிற சத்தம் வெளியே கேட்காது. அவருக்குக் கேட்டது.

வெள்ளை ஜெயித்தது. அபூசாலி முதலாளி மண்டியில் நின்று, "எஞ் சோத்தத் தின்னவனுக எல்லாம் எங்கலே போனானுக?" என்று கூப்பாடு போட்டார். அவர்கள் எங்கும் போகவில்லை. சமைக்க ஆளில்லாமல் அவரவர் வீட்டில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் போர்டு என்பது போர்டு.

மெம்பர் பீர்க்கண்ணு முதல் மீட்டிங்குக்குப் போனார். நாற்காலித் திண்டில் பஞ்சு கட்டி கட்டியாக இருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டு பாலம் என்றார். பிரசிடெண்டு, "பார்ப்போம்" என்றார். இரண்டாவது மீட்டிங்கிலும் பாலம் என்றார். "அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம்" என்றார் பிரசிடெண்டு. பீர்க்கண்ணு வீட்டுக்கு வந்து அதையே சொன்னார்.

"பாப்போம்னு அபூசாலிகூடச் சொல்லுவானே" என்றாள் ராவியத்தம்மாள். "அதுக்கு ஒன்னை எதுக்குலே அனுப்புனோம்?"

அந்தப் பேச்சு அவரைச் சுட்டது. அன்று இரவு அவருக்குச் சொந்த மெத்தையிலேயே தூக்கம் வரவில்லை.

பங்குனியில் வருஷக் கணக்கு முடிக்க வேண்டுமென்று மலைச்சாமி தலைப்பாகையும் காக்கிக்கோட்டுமாகத் தெருவுக்குள் வந்தான். "ராவியத்தம்மா, வீட்டு வரி!"

"தாரேன்" என்றது திரை. "அக்கரையில வந்து வாங்கிக்கிடும்."

"எந்த அக்கரையில?"

"மையவாடியில. எல்லா வீட்டு வரியும் அங்க மெம்பர் கையில இருக்கு."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். மலைச்சாமி தெருக்கடைசிக்கு வந்து பார்த்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேல மரத்தடியில், முழங்கால் வரை சேறோடு, மெம்பர் பீர்க்கண்ணு ஒரு மெத்தைத்துணி முடிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"வாரும் மலைச்சாமி. காசு தயாரா இருக்கு."

"இது அநியாயம்யா! எப்படி வாரது?"

"நாங்க சந்தூக்கோட வந்தோம். நீரு ரசீதுப் புத்தகத்தோடதான வாரீரு?"

பங்குனி ஓடையில் மழைத்தண்ணீர் கிடையாது. சாக்கடை மட்டும்தான், கறுப்பாக, நிதானமாக. மலைச்சாமி கோட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நடுவில் அதே பள்ளம் அவனையும் வரவேற்றது. எழுந்தபோது தலைப்பாகையைக் காணோம். பாதி வழியில் நின்று, "எந்தப் போர்டுடா இது? மனுசன் நடக்க ஒரு வழி உண்டா? கேக்க ஆளில்லையா?" என்று கையை ஓங்கிக் கத்தினான். தெரு முழுக்கக் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்படிச் சொல்லும்!" என்றார் பீர்க்கண்ணு. "இதே கோலத்துல போயி, இதே சத்தத்துல பிரசிடெண்டுட்டச் சொல்லும்."

சொன்னான். துணிகூட மாற்றாமல் போர்டு ஆபீசுக்குள் போய் நின்று சொன்னான். பிரசிடெண்டு மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். தெருப் பெண்கள் பத்துக் கூட்டத்தில் பேசியிருந்தாலும் அந்த நாற்றம் பேசியதைப் பேசியிருக்க முடியாது.

ஆவணியில் கல்பாலம் எழுந்து நின்றது. பிரசிடெண்டு ரிப்பன் வெட்ட வந்தார். வெட்டினார். கைதட்டினார்கள். முதலில் யார் அந்தப் பக்கம் போவது என்று கேட்டபோது ஒருவரும் நகரவில்லை. பிரசிடெண்டே கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "கறிக்கடைக்காரர் போகட்டும்" என்றார் ஒருவர். "ஏன், நான் ஒமக்கு என்ன பாவம் செஞ்சேன்?" என்றார் கறிக்கடைக்காரர். டீயைக் குடித்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள்.

மலைமேல் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. தெரு ஓய்ந்த பிறகு ராவியத்தம்மாள் வந்தாள். இத்தா முடிந்து மாசங்கள் ஆகியும் அவள் தெருக்கடைசிக்கு வந்ததில்லை. பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கமும் இல்லை. அவள் அக்கரைக்குப் போகவில்லை. பாலத்தின் நடுவரைக்கும் நடந்தாள். அங்கே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கல்லை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். இன்னொரு மிதி.

இக்கரையில் நின்ற பீர்க்கண்ணு கேட்டார். "என்னக்கா, ஆடுதா?"

"ஆடலை."

அக்கரையைப் பார்த்தபடியே நின்றாள். காற்று துப்பட்டியை இழுத்தது.

"அன்னைக்கே போட்டிருக்கலாம்லே" என்றாள். "அம்புட்டுக் கல்லும் இந்த ஊர்லதான கெடந்தது."